ஒன்பதாம் நம்பர் கடையில் உட்கார்ந்தவர்கள்

டெய்லர் அக்கா தன் கடையை உள்வாடகைக்கு விட்டாள் என்று ஒரு காகிதம் சொல்கிறது. அதில் மூன்று முத்திரை, இரண்டு கையெழுத்து. அதற்கு ஆதாரம் என்று பின்னால் இன்னொரு காகிதத்தைக் குத்தி வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது காகிதத்தை எழுதியவள் நான். எங்கள் வரிசையில் யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பத்தாம் நம்பர் கடை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ‘மனுக்கள் எழுதித் தரப்படும்’ என்று ஒரு பலகை. இருபது வருடமாக ஊராருக்கெல்லாம் நியாயம் கேட்டு எழுதிய கை, பக்கத்துக் கடைக்காரியின் இடத்துக்கு உலை வைத்தது. கோபத்தை அடக்கிக்கொண்டுதான் சொல்லப் பார்க்கிறேன். அடங்காத இடங்களில் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மார்க்கெட் கட்டடத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே தொடங்கி வெளிவாசல் வரை போகிற நடை எங்களுடையது. வரிசையாகப் பத்துக் கடைகள். ஒவ்வொன்றும் ஆறடி அகலம், நாலடி ஆழம், நடுவில் பலகைத் தடுப்பு. முன்பக்கக் கடைகளில் எல்லாம் புதிது புதிதாக விற்பார்கள். எங்கள் நடையில் புதிதாக ஒரு குண்டூசி கிடைக்காது. செருப்பு தைக்கிறவர், சாவி போடுகிறவர், வாட்ச் பார்க்கிறவர், போன் பிரிக்கிறவள் என்று எல்லாருமே உடைந்ததைச் சேர்க்கிறவர்கள். நான் எழுதுகிற மனுவும் அந்த ஜாதிதான் என்று வாட்ச் மாமா சொல்லுவார். உடைந்த மனிதர்களை ஒட்டுப்போட்டு மேலே அனுப்புகிறேனாம்.

அக்காவுக்கு ஐம்பத்தோரு வயது. இங்கே வருவதற்கு முன்னால் பதினொரு வருடம் ஒரு துணிக் கம்பெனியில் இருந்தாள். அங்கே அவள் வேலை இடது கை. சட்டையின் இடது கையை மட்டும் உடம்போடு சேர்த்துத் தைத்து, அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிட வேண்டும். வலது கை வேறொருத்தி, காலர் வேறொருத்தி. ஒரு நாளைக்கு நானூறு இடது கை. “பதினொரு வருஷத்துல ஒரு முழுச் சட்டையை நான் பார்த்ததே இல்ல” என்பாள். சூப்பர்வைசர் ஒருவன் கழிப்பறைக்குப் போகிறவர்களை வாட்சை வைத்து நேரம் பார்க்கத் தொடங்கினான். ஒருநாள் அவள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது, ‘ஆறு நிமிஷம்’ என்றானாம். இவள் நேராகப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த மாதச் சம்பளத்தை வாங்கக்கூடத் திரும்பப் போகவில்லை.

பழைய மெஷின் ஒன்றை வாங்கி, ஒன்பதாம் நம்பர் கடையை எடுத்தாள். முதல் வேலையாகத் தன் வீட்டுக்காரருக்கு ஒரு முழுச் சட்டை தைத்தாள். வெட்டியது, காலர், பட்டன் எல்லாமே அவள்தான். இடது கை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. வலது கை மட்டும் மூன்று தடவை கோணிக்கொண்டது. அவள் கைக்கு வலது பக்கம் பழக்கமே இல்லை. பிரித்துப் பிரித்துத் தைத்தாளாம். வீட்டுக்காரர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். நாலு வருடமாக இடுப்பு பிடித்துக்கொண்டதால் வீட்டோடு இருக்கிறார், சமையல் அவர் பொறுப்பு. ஒரே மகள், நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். மூன்று பேர் சாப்பாடும் ஒருத்தி படிப்பும் அந்த ஆறடியிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பேன்ட்டைக் கொண்டுவந்து, துவைத்ததில் துணி சுருங்கிவிட்டது, இடுப்பைப் பிரித்துவிடுங்கள் என்று கேட்பார்கள். “துணி சுருங்கல, நீங்க விரிஞ்சிருக்கீங்க” என்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. போனவர்கள் திரும்ப அவளிடமே வருவார்கள். அவள் பிரித்து வைத்தால் பழைய தையல் இருந்த தடமே தெரியாது.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் முறை வைத்து அவர் கடையில் உட்கார வேண்டும். சும்மா காவலுக்கு இல்லை. அவர் வேலையைத்தான் செய்ய வேண்டும். தன் வேலையை அங்கே கொண்டுபோகக் கூடாது, தன் கடையை அன்றைக்கு மூடிவிட வேண்டும். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வருவதற்கு முன்னால், காய்ச்சலில் கிடந்த பூட்டுக்காரரின் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு குடைக்காரர் தன் குடைகளோடு போய் உட்கார்ந்தாராம். காய்ச்சல் போயிற்று, குடைக்காரர் போகவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான். அதிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. எங்களுக்குச் சங்கம் கிடையாது, தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. இது ஒன்றுதான் உண்டு.

வாட்ச் மாமா கண் ஆபரேஷனுக்குப் போனபோது, அக்கா தன் மெஷினை மூடிவிட்டு அவர் கடையில் உட்கார்ந்து பேட்டரி மாற்றினாள், வார் மாற்றினாள். பெரிய கோளாறு வந்தால் சீட்டு எழுதி வாங்கி வைத்தாள். சாவிக்காரருக்கு அம்மை போட்டபோது நான் போய் அரத்தோடு மல்லுக்கட்டினேன். நான் தேய்த்த சாவி எந்தப் பூட்டையாவது திறந்ததா என்று இன்றுவரை எனக்குச் செய்தி வரவில்லை. சம்பளத்துக்குப் போகிறவன் தலைக்கு மேலே ஒரு முதலாளி இருக்கிறான், அவன் திட்டுவான். ஆனால் காய்ச்சல் வந்தால் லீவாவது கொடுப்பான். எங்களுக்குத் திட்டவும் ஆள் இல்லை, லீவு கொடுக்கவும் ஆள் இல்லை. நாங்களே எங்களுக்குக் கொடுத்துக்கொண்ட லீவு இது.

இனி அந்த மூன்றாவது படி. மாடிக்கு ஏறுகிற படிக்கட்டில் மூன்றாவது படியின் விளிம்பு உடைந்து, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்தில் அதைப் பற்றி ஏழு மனு எழுதியிருக்கிறேன். ஏழும் மாடியிலிருக்கிற மார்க்கெட் அலுவலகத்துக்குத்தான், அதாவது அந்தப் படியிலேயே ஏறிப் போய்க் கொடுத்தவை. ஏழுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில். எருமை மாட்டின் மேல் மழை பெய்தாலாவது அது காதை ஆட்டும். ஒருநாள் காலை, மாடியிலிருந்த வாடிக்கையாளர் ஒருவரின் திரைச்சீலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அக்கா அந்தப் படியில் தடுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

மறுநாளே அந்தப் படிக்கு சிமென்ட் பூசிவிட்டார்கள். மறுநாளே. இரண்டு வருடம் பரிசீலனையில் இருந்த படி, ஒரு கை முறிந்ததும் அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அந்த ஈர சிமென்ட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எந்த மனுவிலும் எழுத முடியாது.

பத்து வாரம் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்காக விடுப்பு கேட்டு நான் எழுதினேன். பதில் மட்டும் மூன்றே நாளில் வந்தது. விதிகளில் விடுப்புக்கு இடமில்லை. தொடர்ந்து முப்பது நாள் மூடியிருக்கும் கடையின் உரிமம் ரத்தாகும். எழுதியவருக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும், கையெழுத்து அழகாக இருந்தது.

ஒன்பது பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. முன்னறையில் பாதி கட்டில், மீதியில் மகளின் புத்தகங்கள். நாங்கள் உட்கார இடமில்லாமல் சுவரோரமாக நின்றோம். வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எல்லாருக்கும் டீ போட்டார். நாங்கள் முறை வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னதும் அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

“வேணாம். நாலு நாள்னா சரி. பத்து வாரம் உங்க பொழப்பக் கெடுத்துக்கிட்டு எனக்காக யாரும் உக்காரக் கூடாது. மீறி உக்காந்தா நான் பேச மாட்டேன்.”

செருப்பு தைக்கிற அண்ணனை நாங்கள் பாலிஷ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் டீயைக் குடித்து முடித்தார். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய கடைச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “பேசாம இரு, உடம்புக்கு நல்லது” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவள் சொன்னபடியே மூன்று நாள் எங்களோடு பேசவில்லை. நாலாவது நாள் போன் செய்து, நூலை எங்கே விட்டீர்கள், கத்திரியை யார் காகிதம் வெட்ட எடுத்தது என்று கேட்க ஆரம்பித்தாள்.

நாங்கள் தைத்த அழகைச் சொல்ல வேண்டும். பாலிஷ் அண்ணன் தன் முறையில் ஒரு கணக்கரின் பேன்ட்டுக்கு மடிப்பு தைத்தார். பழக்க தோஷம், மெழுகு தடவிய நூல். பேன்ட் கிழிந்தாலும் கிழியுமே தவிர அந்த மடிப்பு பிரியாது. மனிதர் மறுநாள் வந்து, நடக்கும்போது கணுக்காலில் யாரோ பிடித்துக்கொள்வதுபோல் இருக்கிறது என்றார். வாட்ச் மாமா கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பட்டன் தைத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் ஒரு ஜிப்பைத் தலைகீழாக வைத்தேன். போன்காரி மட்டும்தான் உருப்படி, அவள் கைக்கு மெஷின் சீக்கிரம் பழகிவிட்டது. எங்கள் குளறுபடிகளை எல்லாம் அவள்தான் தன் முறையில் பிரித்துத் தைத்தாள். கஷ்டமான வேலைகளை அக்கா போனில் சொல்லச் சொல்லச் செய்தோம். வாடிக்கையாளர்களும் பொறுத்துக்கொண்டார்கள். வந்த வரும்படி அன்றன்றே அக்கா வீட்டுக்குப் போய்விடும்.

ஆறாவது வாரம் மாடியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. ஒன்பதாம் எண் கடையின் உரிமையாளர் ஒரு மாதத்துக்கும் மேலாகக் காணப்படவில்லை. கடை மூடியிருப்பதாக ஏன் கருதக் கூடாது?

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர்கள் படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டவளைக் காணவில்லையாம். அன்று மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து என் வாழ்க்கையிலேயே நல்ல கடிதத்தை எழுதினேன். ஒரு நாள்கூட அந்தக் கடை மூடப்படவில்லை. நாங்கள் ஒன்பது பேரும் எங்கள் கடைகளை மூடிவிட்டு, முறை வைத்து, அவர் வேலையை எங்கள் கையால் செய்துவருகிறோம். அவர் குணமாகி வரும்வரை செய்வோம் என்று எழுதினேன். எந்தத் தேதியில் யார் உட்கார்ந்தார் என்று கட்டம் போட்டுப் பட்டியலும் இணைத்தேன். எல்லாருக்கும் வாசித்துக் காட்டியபோது போன்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாட்ச் மாமா எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார். ஒன்பது கையெழுத்து.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. உரிமையாளரைத் தவிர வேறு யார் கடையை நடத்தினாலும் அது உள்வாடகை, உள்வாடகைக்கு விட்டால் உரிமம் ரத்து என்று அவர்கள் புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறதாம். அந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் மூன்று தடவை எழுதிக் கேட்டிருக்கிறேன். ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்று மூன்று தடவையும் பதில் வந்திருக்கிறது. மூடினாலும் தப்பு, திறந்தாலும் தப்பு. அது எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் நாங்களே கட்டம் போட்டு, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தோம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பிரிண்டர் மையும் செலவழித்துச் செய்தவள் நான்.

விசாரணை என்று மாடிக்குக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய அறை, மூன்று நாற்காலி. ஒன்றில் மார்க்கெட் மேலாளர், ஒன்றில் வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி, மூன்றாவதில் கோப்புகள். நாங்கள் பத்துப் பேர் நின்றோம். கழுத்தில் கட்டிய தூளியில் கையைப் போட்டுக்கொண்டு அக்காவும் நின்றாள். கோப்புகளை எடுத்துக் கீழே வைத்தால் அவள் உட்காரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதிகாரி மிகவும் மரியாதையானவர். குரலை உயர்த்தாமல், என் கடிதத்தை முழுவதும் நிதானமாக வாசித்தார். அவ்வளவு நன்றாக என் எழுத்தை யாரும் வாசித்ததில்லை. பிறகு ஒவ்வொருவரையும் பார்த்து, ஒன்பதாம் எண் கடையில் உட்கார்ந்தீர்களா என்று கேட்டார்.

எங்கள் ஆட்களைப் பற்றி என்ன சொல்வது. நல்லது செய்ததைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். சாவிக்காரர் மூன்று நாள் உட்கார்ந்தேன் என்றார். போன்காரி, பட்டியலில் நாலு என்று போட்டிருக்கிறது, அது தப்பு, நான் ஐந்து நாள் என்றாள். பாலிஷ் அண்ணன் விட்டுக்கொடுப்பாரா, தன் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த நாளில்கூட மதியத்துக்கு மேல் வந்து உட்கார்ந்ததாகச் சொன்னார். ஏலம் கேட்பதுபோல் ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் நாள் விழ விழ, அதிகாரியின் பேனா எழுதிக்கொண்டே இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை மூடுங்கள் என்று நான் கண்ணால் சொன்னதை வாட்ச் மாமா தப்பாகப் புரிந்துகொண்டு, தானும் ஐந்து நாள்தான் என்று திருத்திச் சொன்னார்.

நான் குறுக்கே பேசினேன். அவள் விழுந்த படி யாருடைய படி, ஏழு மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது பராமரிப்புப் பிரிவு, இந்த விசாரணைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் மேலாளர். கை முறிந்ததற்கும் படிக்கும் சம்பந்தமில்லை, கடைக்கும் கைக்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றையும் தனித்தனிக் கோப்பில் போட்டுவிட்டால் யாருமே எதற்கும் பொறுப்பில்லை.

அதிகாரி கடைசியாக அக்காவைப் பார்த்துக் கனிவாகவே சொன்னார். “உங்களுக்குத் தெரியாம இவங்க உக்காந்திருந்தா அது அத்துமீறல்மா. இவங்க உரிமத்த ஒரு மாசம் நிறுத்தி வைப்போம், அவ்வளவுதான். உங்க கடைக்கு ஒண்ணும் வராது. யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் எதைச் சொல்லச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் கடை அவளுக்கு. ஒரு விதத்தில் அது பொய்யும் இல்லை; உட்காராதே என்றுதானே அவள் சொல்லியிருந்தாள். பாலிஷ் அண்ணன் அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, தெரியாதுன்னு சொல்லிடு, ஒரு மாசம்தானே, நாங்க இருந்துக்குவோம் என்றார். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். மகளின் படிப்புக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அக்கா அதிகாரியின் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் துணியை மேசையில் விரித்து, கத்திரி வைப்பதற்கு முன்னால் அப்படித்தான் நிற்பாள்.

“ஒரு மாசம்னா எத்தன நாளுங்க?” என்று கேட்டாள்.

முப்பது நாள் என்றார் அதிகாரி.

“முப்பது நாள் மூடியிருந்தா ரத்துன்னு எனக்கு எழுதியிருந்தீங்க. இவங்க கடை மூடியிருக்கிற முப்பது நாள் அதுல சேருமா, சேராதா?”

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். மனு எழுதிப் பிழைக்கிற எனக்குத் தோன்றாத கேள்வி அது. ஒரு கடையைக் காப்பாற்றப் போய் ஒன்பது கடைக்கும் நாங்களே தலையை நீட்டிக்கொண்டிருந்தோம்.

“அத அப்ப பாத்துக்கலாம்மா” என்றார் அதிகாரி.

“அப்ப பாக்க வேணாம். எனக்குத் தெரியும். நான்தான் இவங்கள உக்காரச் சொன்னேன்.”

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. உட்கார்ந்தால் பேச மாட்டேன் என்று மூன்று நாள் பேசாமல் இருந்தவள் அவள். பாலிஷ் அண்ணன், இல்லைங்க, அது பொய் என்று ஆரம்பித்தார். அவள் நல்ல கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பின்னால் நிறுத்தினாள். அதிகாரி ஒரு வரியில் எழுதி முடித்தார். உரிமையாளர் ஒப்புக்கொண்டார்.

படியில் இறங்கும்போது நான் அழுதேன். என் கடிதம்தான் உங்களைக் கொன்றது அக்கா என்றேன். அவள் அதற்கு ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அந்தக் கடிதத்தில் எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடு, மகளிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்றேன். “என்னப் பத்தி அவ்வளவு பெருசா யாரு எழுதியிருக்கா” என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து இரண்டு பேர் வந்து ஒன்பதாம் நம்பர் கடையைக் காலி செய்தார்கள். மெஷினையும் ஸ்டூலையும் நடையில் வைத்துவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் காலையில் ஏற்றி மாலையில் இறக்கிய ஷட்டர். அந்த இடத்தை யாருக்காவது கொடுக்கப் போகிறார்களா என்று கேட்டேன். இப்போதைக்குத் திட்டம் இல்லையாம். யாருக்கும் வேண்டாத இடத்தைத்தான் அவளிடமிருந்து பிடுங்கினார்கள்.

அவர்கள் போன பிறகு மெஷின் நடையிலேயே நின்றது. பாலிஷ் அண்ணன் தன் கடையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்து மெஷினை அளந்தார். ஸ்டூலையும் சேர்த்து நாலடி. அப்புறம் தன் கடையை அளந்தார், ஆறடி. ஒன்றாம் நம்பரிலிருந்து எட்டாம் நம்பர் வரை எட்டுக் கடை. ஆளுக்கு அரையடி விட்டால் எத்தனை என்று யாரையும் கேட்காமல் அவரே சொல்லிக்கொண்டார்.

அன்று முழுக்க யாரும் வியாபாரம் பார்க்கவில்லை. முதல் தடுப்பு அரையடி நகர்ந்தது, இரண்டாவது ஓரடி, மூன்றாவது ஒன்றரை. அப்படியே தள்ளிக்கொண்டு போனால், எட்டாம் நம்பருக்கும் முத்திரை வைத்த ஷட்டருக்கும் நடுவில் நாலடி பிறந்தது. சொல்ல எளிது. தன் இடத்தில் அரை அங்குலம் போனாலும் அடிதடிக்குப் போகிறவர்கள் எங்கள் ஆட்கள். சாவிக்காரரின் சாவி தேய்க்கிற மெஷின் திரும்பவில்லை, அதைக் குறுக்காக வைத்துக்கொண்டு இப்போது பக்கவாட்டில் நின்று வேலை செய்கிறார். வாட்ச் மாமாவின் மேசை மூன்று அங்குலம் கூடுதலாக இருந்தது. அவர் வேலை கற்ற காலத்திலிருந்து வைத்திருக்கிற மேசை. ரம்பத்தை வாங்கி அவரே அறுத்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னால்தான் எதுவும் கொடுக்க முடியவில்லை. என் கடை ஷட்டருக்கு அந்தப் பக்கம்; என் அரையடி அங்கே போய்ச் சேராது. இதற்கெல்லாம் காரணமானவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குக் கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மணிக்கட்டு ஓர் அளவுக்கு மேல் மடங்காது. கத்திரியை இடது கையில் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். கம்பெனியில் பதினொரு வருடம் தைத்த இடது கை இப்போதுதான் தனக்கு உதவுகிறது என்று கேலி பேசிக்கொள்கிறாள். நாலடிக்குள் மெஷின், ஸ்டூல், அவள். திரும்ப வேண்டுமென்றால் எழுந்து நின்றுதான் திரும்ப வேண்டும்.

போன வாரம் மாடியிலிருந்து மேற்பார்வையாளர் வந்தார். நாடாவைப் பிடித்து ஒவ்வொரு கடையாக அளந்தார். யாரும் தன் எல்லையைத் தாண்டவில்லை, எல்லாரும் எல்லைக்கு உள்ளேதான் சுருங்கியிருந்தார்கள். சுருங்கக் கூடாது என்று புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது. கடைசியாக நாலடிக்கு முன்னால் வந்து நின்றார். இது யாருடைய கடை என்று கேட்டார். எட்டுப் பேருடையது என்றார் பாலிஷ் அண்ணன். அப்படியானால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்டார். அவர் நோட்டைத் திறந்து, எழுதிக்கொள்ள வேண்டும், பேரைச் சொல்லுங்கள் என்றார்.

அக்கா வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

“என் பேர எழுதாதீங்க சார். எழுதினாத்தான் ரத்து பண்றீங்க.”

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, காகிதம் தெரிந்தவள் என்று என்னிடம் திரும்பினார். நீங்களாவது சொல்லுங்கள், எழுதினால்தானே முறைப்படி ஏதாவது கேட்க முடியும் என்றார். இருபது வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிவந்த வார்த்தை அதுதான். நானும் எழுத வேண்டாம் என்றேன்.